கட்டத்தாளில் ஒரு கேசட் உறை

பழைய சாமான் கடையின் தகரக் கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயில் ஒரு கேசட் பெட்டியின் மேல் விழுகிறது. இரண்டு பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள். முப்பது வருடங்களுக்கு முன் உள்ளூர் சர்ச்சில் பதிவுசெய்த கிறிஸ்துமஸ் பாட்டுகள். பட்டுச்சேலைக்கு பார்டர் வரையும் கட்டத்தாளிலேயே கட்டம் கட்டமாக நிரப்பி உறையை எழுதியிருப்பதால், எழுத்தின் வளைவெல்லாம் படிக்கட்டு போல ஏறி இறங்குகிறது. “இது எங்கப்பா எழுத்துண்ணா” என்கிறாள் சங்கரி. “உள்ள பாடறது எங்கம்மா. அவங்க போனதிலேர்ந்து தேடிக்கினு இருக்கேன்” என்கிறார் ஜோசுவா. “இத்தினி நாளா ஈ கூட உக்காரல, இன்னிக்கு ரெண்டு பேரு சண்டைக்கு நிக்கிறீங்க” என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர் கேசட்டை எடுத்து டேப்ரெக்கார்டரில் போடுகிறார். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் லேசாகப் பிசிறி மேலே ஏறுகிறது. ஜோசுவா கண்ணை மூடிக்கொள்கிறார். “பேப்பரை நீ எடுத்துக்கமா, எனக்குக் குரல் போதும்.” சங்கரி உறையைப் பிரிக்கிறாள். உள்பக்கத்தில் பாடியவர்களின் பெயர்கள்; ஒவ்வொன்றின் பக்கத்திலும் அப்பா சேலைக்கு வரையும் அதே சின்னப் பூ. “இதுல ஒரே பொம்பளைப் பேரு எஸ்தர். உங்கம்மாவா?” அவர் தலையசைக்கிறார். பழைய மடிப்பிலேயே தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்து அவரிடம் நீட்டுகிறாள். பாட்டு முடியும்வரை அவள் விரல்கள் பெட்டியை விடவில்லை.