முதல் கேள்வி

“நம்ம பாலந்தான சார் முதல் கேள்வி? மாத்திட மாட்டாங்களே?”

சட்டசபையின் பார்வையாளர் மாடத்துக்குப் படியேறும்போது கல்பனா மறுபடியும் கேட்டாள்.

எம்.எல்.ஏ. தமிழ்க்குமரனின் உதவியாளர் ஜெயசீலனுக்கு அலுப்பாக இருந்தது. வில்லியனூர்க்காரரான அவர் போன வாரம்தான் இந்த வேலையில் சேர்ந்திருந்தார். தொகுதியில் பாதி ஊர்களை அவர் இன்னும் பார்த்ததில்லை. ஆட்களையும் தெரியாது. காலையில் வாசலில் வந்து நின்றவளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்ததோடு விட்டிருக்கலாம். பேச்சு வாக்கில் கூடவே உட்காரும்படி ஆகிவிட்டது.

“அச்சடிச்ச வரிசையிலேயே முதல்ல இருக்கும்மா. இனிமே யாரு மாத்தப் போறா?”

அவள் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. பாகூர்ப் பக்கம் அவளுடைய ஊருக்குப் போகும் வாய்க்கால் பாலம் போன வருஷ மழையில் இடிந்து விழுந்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் வண்டி, கரும்பு டிராக்டர் எல்லாமே ஏரியைச் சுற்றிக்கொண்டுதான் மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். தமிழ்க்குமரன் இதைச் சபையில் கேட்கவிருந்த முதல் தடவை, பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்த நேரத்தில் ரகளை கிளம்பி, கேள்வி நேரமே போய்விட்டது. இன்றைக்கு நடப்பது ஒரே நாள் கூட்டம். இதை விட்டால் மறுபடி எப்போது கூடுவார்களோ தெரியாது. ஜெயசீலனிடம் இதையெல்லாம் அவள் சொல்லி முடிப்பதற்கும் மணி அடித்து சபாநாயகர் வந்து அமர்வதற்கும் சரியாக இருந்தது.

முதலில் இரங்கல் தீர்மானம் வந்தது. போன மாதம் காலமான முன்னாள் உறுப்பினர் அரங்கநாதனைப் பற்றி சபாநாயகர் எழுதி வைத்துப் படித்தார். எளிமையானவர், சபைக்கு டவுன் பஸ்ஸில் வந்து போனவர், பதவி போன பிறகு ஊரோடு போய் நெல்லும் கரும்பும் பயிரிட்டுப் பிழைத்தவர் என்றார். பிறகு ஆளுங்கட்சியில் ஒருவர் எழுந்து அதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னார். எதிர்க்கட்சியில் ஒருவர் இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். கடைசியில் தமிழ்க்குமரனும் எழுந்து, தனக்கு அரசியல் கற்றுக் கொடுத்தவரே அவர்தான் என்று தழுதழுத்தார்.

“இவுருமா?” என்றாள் கல்பனா. “இவுரே இம்மாம் நேரம் பேசுனா கேள்விய எப்ப கேப்பாரு?”

இரங்கல் தீர்மானம் என்றால் அப்படித்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று ஜெயசீலன் கிசுகிசுத்தார்.

“செத்தவருக்கு இனிமே இன்னா சார் ஆவப்போவுது? உயிரோட இருக்கறவங்களுக்குப் பாலத்த கேக்கச் சொல்லுங்க.”

முன்வரிசையில் இருந்தவர் திரும்பி முறைத்தார். ஜெயசீலனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்தபோது அவள் கடைசியாகத்தான் எழுந்தாள். தலையைக்கூடக் குனியவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பொம்பளை இவள் என்று நினைத்துக்கொண்டார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். தமிழ்க்குமரன் கையில் காகிதத்தோடு பாதி எழுந்துவிட்டார். கல்பனா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

அதற்குள் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மின்கட்டண உயர்வைப் பற்றி முதலில் பேச வேண்டும் என்று எழுந்தார். சபாநாயகர் மறுத்தார். அவர் விடவில்லை. அவரைப் பார்த்து ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் ஏதோ ஒரு வார்த்தை சொல்ல, அதைக் குறிப்பிலிருந்து நீக்கும்படி சபாநாயகர் உத்தரவிட்டார். நீக்கும் அளவுக்கு நான் என்ன சொல்லிவிட்டேன் என்று அந்த ஆளுங்கட்சிக்காரர் கேட்டார். அதை விளக்கப் போன இன்னொருவர் அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லிவிட்டதால் அதையும் நீக்க வேண்டியதாயிற்று. மைக்குகளை அணைத்தார்கள். மைக் இல்லாமலேயே எல்லோரும் கத்தினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வெளிநடப்புச் செய்தார்கள், வெளியே டி.வி.க்குப் பேட்டி கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து மறுபடியும் கத்தினார்கள்.

சபாநாயகர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செயலாளரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு அறிவித்தார். மறைந்த அரங்கநாதன் அவர்களுக்கு மரியாதை செலுத்தும் விதமாக இன்றைய மற்ற அலுவல்கள் கைவிடப்படுகின்றன. சபை காலவரையறையின்றி ஒத்திவைக்கப்படுகிறது.

தமிழ்க்குமரன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்து உறுப்பினரின் தோளில் கைபோட்டபடி வெளியே நடந்தார்.

மாடம் காலியானது. கல்பனா எழுந்திருக்கவே இல்லை. ஜெயசீலன் சமாதானம் சொன்னார். அடுத்த கூட்டத்தில் எம்.எல்.ஏ. கண்டிப்பாகக் கேட்பார் என்றார். அதற்கு முன்னால் அமைச்சரை நேரிலேயே போய்ப் பார்க்கலாம் என்றார். படியிறங்கும்போது அவள் வெடித்தாள். சண்டை போட நேரம் இருக்கிறது, புகழ்ந்து பேச நேரம் இருக்கிறது, ஒரு கேள்விக்கு மட்டும் நேரம் இல்லையா என்று கேட்டாள். செத்தவர் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள் என்றாள்.

ஜெயசீலனுக்குப் பொறுமை போய்விட்டது.

“வந்ததுலருந்து பாக்குறேன். அவ்ளோ பெரிய மனுஷன் செத்திருக்காரு. அவருக்காக ஒரு நாள் சபைய தள்ளி வச்சா உனக்கு இன்னாம்மா கொறஞ்சி போச்சி? செத்தவங்களுக்குன்னு ஒரு மரியாத வேணாவா?”

கல்பனா நின்றாள். அவள் குரலில் இப்போது கோபம்கூட இல்லை.

“அவுரு எங்கப்பா சார். அந்தப் பாலம் இருந்திருந்தா பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு நேரா போயிருப்போம். ஏரியச் சுத்திக்கினு போறதுக்குள்ள ஆம்புலன்ஸ்லயே போயிட்டாரு.”