இனர்ட் என்றால் சோம்பேறி

நம்பினால் நம்புங்கள். பொரித்த சூட்டோடு எண்ணெய் வடியப் பழைய தாளில் போட்டதில், ஒரு நேந்திரங்காய்ச் சிப்ஸின் முதுகில் இங்கிலீஷ் அகராதிப் பக்கம் ஒன்றின் எழுத்து அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அது படித்த சிப்ஸ்.

அதை அடைத்த பாக்கெட்டில் "இனர்ட் வாயு அடைத்தது" என்று போட்டிருந்தது.

"இனர்ட்னா சோம்பேறின்னு அர்த்தம். பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு உனக்கு என்னய்யா வேலை?" என்று வாயுவைக் கேட்டது சிப்ஸ்.

"யாரோடயும் ஒட்டாம சும்மா இருக்கிறதுதான் தம்பி."

"வெட்கமா இல்லே?"

பாக்கெட்டுகளை ஏற்றிய லாரி பள்ளம் பள்ளமாய் விழுந்து எழுந்து போனது. வாயு மெத்தையில் சிப்ஸுக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்துப் பாக்கெட்டில் மட்டும் ஊசித் துளை விழுந்தது. சும்மா இருந்த வாயு வெளியேற, சுறுசுறுப்பான காற்று உள்ளே புகுந்து எண்ணெயோடு சேர்ந்துகொண்டது. பத்தே நாளில் சிக்கு வாடை.

"எங்களைக் குப்பையில கொட்டப் போறாங்கடா!" என்று நமுத்த குரல் ஒன்று அங்கிருந்து அழுதது.

மொறுமொறுப்பாய்ச் சாவதுதான் சிப்ஸ் குலத்துக்கு மானம். படித்த சிப்ஸ் உடனே வாயுவிடம், "அண்ணே, நீங்க ஒண்ணுமே செய்யாதீங்க. அப்படியே இருங்க" என்றது.

ஒரு மாதம் கழித்துப் பாக்கெட்டைப் பிரித்தவர், "பாதி வெறுங்காத்து!" என்று திட்டினார். வாயு அப்படியே கிளம்பியது. நன்றி சொல்லச் சிப்ஸுக்கு நேரமில்லை. பல்லிடுக்கில் மாட்டிய சிப்ஸ், தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னது:

"மொறுக்!"