அடைக்காத இடைவெளி

எண்ணூரில் வெள்ளச் சங்கு ஊதிவிட்டால் ஒவ்வொரு வீட்டாரும் தெருவாசலை சிமெண்ட் கல்லால் அடைத்தாக வேண்டும். தண்ணீர் பட்டதுமே அந்தக் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெள்ளம் வடிந்தபின் இடித்தால்தான் மறுபடி வாசல்.

ரெஜினாவும் கணவன் சவரிமுத்துவும் நெஞ்சு உயரத்தில் ஜன்னலளவு இடைவெளி விட்டு மற்றதையெல்லாம் கட்டிவிட்டார்கள். மூத்த மகள் பெனிட்டா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. ரெஜினா அந்த இடைவெளியில் ஏறி, கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். பாதம் நனைந்தது.

"எறங்கு ரெஜினா. உள்ள சின்னதுங்க ரெண்டு இருக்கு," என்றான் சவரிமுத்து, கையில் கல்லுடன்.

"பெரியவ வரட்டும்."

பெனிட்டா இடுப்பளவு நீரில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தாள். ரெஜினா உள்ளே இறங்கி அவளை இழுத்துப் போட்டாள். சவரிமுத்து அவசரமாகக் கல்லைத் தூக்கினான்.

மகள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "இருப்பா. எதிர்வீட்டு ஷகீலாக்கா பின்னாடியே வர்றாங்க. அவங்க வீட்ல அடைச்சிட்டாங்க."

எதிரே ஷகீலாவின் வாசல் முழுச் சுவராக நின்றது. உள்ளிருந்து யாரோ அழும் சத்தம் கேட்டது.

ரெஜினா கணவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி இடைவெளியில் ஏறி உட்கார்ந்தாள். தண்ணீர் கெண்டைக்கால்வரை வந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் ஏறினால் வீட்டுக்குள் கொட்டும். சவரிமுத்து கல்லைக் கீழே வைத்துவிட்டு, அவள் வெள்ளத்தில் சரிந்துவிடாதபடி பின்னாலிருந்து இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.