ஒரு கைக்கு ஏற்றபடி

“கயித்தை இழுத்துப்போட்டுக் கையை விடு மச்சான். கூடை கீழை விழாது, பயப்பிடாதை” என்றான் டெனிஸ்டன்.

ரதீசன் இடது கையால் கயிற்றை இழுத்தான். நனைந்த பார்லி நிறைந்த கூடை, பெரிய சில்வர் பானைக்குள்ளிருந்து ஆவி பறக்க மேலே வந்தது. கையை விட்டான். கூடை அந்தரத்தில் அப்படியே நின்றது. சாறு மட்டும் பானைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

“பாத்தியே! இனி உனக்கு ஒருத்தற்றை உதவியும் தேவையில்லை.”

ரதீசன் கூடையை ஒரு தடவை மெல்ல ஆட்டிப் பார்த்தான்.

நிலவறைப் படியில் நின்று பார்த்த சிவாஜினிக்குக் கண் கலங்கியது. கணவன் ரதீசனின் வலது கை மணிக்கட்டோடு போய் ஒன்பது மாதம். சென்ட் லோரன்ட் பகுதியில் அவனும் டெனிஸ்டனும் ஒன்றாக வேலை செய்த தொழிற்சாலையில், தகடு வெட்டும் மெஷின் எடுத்துக்கொண்டது.

அதற்கு முன்பெல்லாம் சனிக்கிழமை என்றால் ரதீசன் இந்த நிலவறையில் பியர் காய்ச்சுவான். கொதிக்க வைப்பது, சாற்றைச் சுற்றவிடுவது எல்லாமே கரண்டில் நடக்கும், ஒரே பானைக்குள். ஆனால் கூடையைத் தூக்கவும் குழாய்களைப் பூட்டவும் இரண்டு கை வேண்டும். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவன் நிலவறைக்கு இறங்கவே இல்லை. மாத்திரை, சோபா, யன்னலுக்கு வெளியே பனி. அவ்வளவுதான்.

அப்போதுதான் டெனிஸ்டன் தானாக வந்து, “பியர் காய்ச்சிற மெஷினை ஒரு கைக்கு ஏத்த மாதிரி மாத்தித் தாறன்” என்றான். ஒரு சனிக்கிழமை வந்து, திருகிப் பூட்டும் குழாய்களைக் கழற்றிவிட்டு அழுத்தினால் பூட்டிக்கொள்கிறவற்றைப் போட்டான். அடுத்த சனி, பம்பைக் காலால் மிதித்து ஓடவிட ஒரு மிதி சுவிச். இன்றைக்குக் கூரை வளையில், கயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் இந்தக் கப்பி.

“அண்ணை, உங்கடை மனுசியும் பிள்ளையும் ஊரிலையிருந்து வந்து ரெண்டு கிழமைதானே? அவையோடை இருக்காமல் இஞ்சை வந்து மினக்கெடுறியள்” என்றாள் சிவாஜினி.

“அதுக்கென்ன தங்கச்சி.” டெனிஸ்டன் நிமிராமல் மிதி சுவிச்சின் ஆணியை இறுக்கினான்.

“கூடப் பிறந்ததுகூட இப்பிடிச் செய்யாது. இவர் அண்டைக்குக் கொஞ்சம் கவனமா இருந்திருந்தால்... ஆராவது மெஷினை நிப்பாட்டாமல் உள்ளுக்கை கையை விடுவினமே? பிழை தன்னிலைதான் எண்டு கொம்பனிக்குத் தானே எழுதியும் குடுத்தவர்.”

இதை அவள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். சில நாள் அழுதுகொண்டு, பல நாள் எரிந்து விழுந்து. ரதீசன் ஒரு தடவைகூடத் திருப்பிப் பேசியதில்லை. இன்றைக்கும் பானையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்” என்று மேலே போனாள்.

தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் குசினியில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். கனநாளைக்குப் பிறகு அந்த அழுகையில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. இனியாவது மனுசன் சோபாவை விட்டு எழும்புவான்.

தேநீரோடு பாதிப் படி இறங்கியபோது பேச்சுக் குரல் கேட்டது.

“அடுத்த சனி வந்து மூடிக்கும் ஒரு கைபிடி வைச்சுத் தாறன் மச்சான்.”

“வேண்டாம். இனி நீ வராதை.”

“என்னடா, ஏன் அப்பிடிச் சொல்லுறாய்?”

“அண்டைக்கு உன்ரை வேலை போயிருந்தால் மனுசியையும் பிள்ளையையும் நீ இஞ்சை கூப்பிட்டு எடுத்திருக்க ஏலாது. அதுக்காகத்தான் பிழையை என்ரை தலையிலை போட்டனான். இப்ப அவை வந்து சேந்திட்டினம்.” ரதீசனின் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “நான் மெஷினை நிப்பாட்டிப்போட்டுத்தான் கையை விட்டனான். பாக்காமல் வந்து சுவிச்சைப் போட்டது நீ எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.”