கார்த்தியின் கல்யாண லிங்க்

"டேய் கார்த்தி, பத்திரிகைய பாத்தேன்டா. கண்ணு கலங்கிடுச்சி. ஆனா இந்த வயசுல எனக்கு இதெல்லாம் தேவையா?"

வாசலில் நின்ற சடையப்பன் மாமாவைப் பார்த்துக் கார்த்தி திகைத்தான். நேற்றுவரை வெள்ளையாக இருந்த மீசை இன்று கறுகறுவென்று மின்னியது.

"கல்யாணத்துக்கு வர்றதுக்கு வயசு இன்னா மாமா? உங்க பேர போட்டுத்தானே கூப்ட்டுகீறேன்?"

"அதத்தான்டா உங்க அத்தையும் கேக்குறா. காலைலேர்ந்து நாஸ்தா கூட குடுக்கல."

கார்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. அச்சடித்த பத்திரிகை வேண்டாமென்று ஜாவாஸ்கிரிப்டில் அவனே செய்த இணையப் பக்கம் அது. ஆளுக்கொரு லிங்க். தொட்டவுடன் அவரவர் பெயர், பக்கத்தைக் கேட்டுப் போகும் ரிக்வெஸ்ட்டில் ஏறிப் புறப்படும். கன்ட்ரோலர் என்ற நிரல்பகுதி அதை வாங்கி, திரையில் காட்டும் வியூவிடம் கொடுக்கும். வியூ, கடற்கரைக் கோயில் படத்தின் மேல் 'அன்புள்ள' என்று பெயர் சொல்லி அழைக்கும். அனுப்புமுன் தானே ஒருமுறை சோதித்தும் பார்த்திருந்தான். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

போன் அடித்தது. கோவளத்திலிருந்து நண்பன் அதீப்.

"மச்சான், உனக்கு இவ்ளோ பெரிய மனசா! ஆனா வேணாம்டா. எங்க வாப்பா ஒத்துக்க மாட்டாரு."

"வாப்பாகிட்ட நான் பேசுறேன். நீ இல்லாம இந்தக் கல்யாணமே இல்ல, ஆமா!"

"அய்யோ, அதான்டா பயமா கீது!" என்று வைத்துவிட்டான்.

அடுத்து செங்கல்பட்டிலிருந்து ஜெயப்பிரியா. கல்யாணப் பெண்.

"யோவ், ராஜேந்திரனுக்கா லிங்க் அனுப்புன?"

ராஜேந்திரன் அவளுடைய அத்தை மகன். அவள் அப்பா தீனதயாளன் முதலில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை. அவர் மனதைத் தன் பக்கம் திருப்புவதற்குள் கார்த்திக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தக் குஷியில் முதல் லிங்க்கை ராஜேந்திரனுக்குத்தான் தட்டிவிட்டிருந்தான்.

"ஆமா, வயிறு எரியட்டும்னுதான் அனுப்புனேன்."

"எங்க எரிஞ்சுது? பட்டு வேட்டி, தட்டு, மேளத்தோட எங்க வூட்டாண்ட வந்து நிக்கிறாரு! நைனா வேற சிரிச்சிகினே உள்ள கூப்ட்டு ஒக்கார வெச்சிட்டாரு. இன்னாய்யா அனுப்பித் தொலச்ச?"

கார்த்தி மாமாவின் போனைப் பிடுங்கிப் பார்த்தான்.

மேலே, 'அன்புள்ள சடையப்பன்.'

கீழே, 'மணமகள் ஜெயப்பிரியா. மணமகன் சடையப்பன்.'

விருந்தாளிக்கும் மாப்பிள்ளைக்கும் கன்ட்ரோலரில் 'பெயர்' என்று ஒரே இடம்தான் ஒதுக்கியிருந்தான். ரிக்வெஸ்ட்டில் வந்தவர் யாரோ, அவரே மணமேடை ஏறிவிட்டார்.

சோதித்தபோது ஏன் கண்ணில் படவில்லை? அன்று விருந்தாளி பெயராக அவன் கொடுத்திருந்தது, 'கார்த்தி.'