வளையாத ஏரியல்

ஜெயபாலன் மோட்டார் சைக்கிளின் பழைய ரேடியோ ஏரியலைக் கழற்றிக் கையில் பிடித்தார். நேராக நிறுத்தினால் அவர் இடுப்புக்கு வரும்.

"பாரேன், தூண்டில் மாதிரியே இருக்கு. இத வச்சு மீன் பிடிக்கலாம்."

சந்திரமதி சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டியபடி வீட்டு வாசல் போர்ச்சில் நின்றிருந்தாள்.

புதியது உள்ளங்கை நீளம்தான். பின்னிருக்கைக்குப் பக்கத்தில், சாமான் பெட்டியின் ஓரமாக அதைத் திருகி, ஸ்பேனரால் இறுக்கி, விரலால் சுண்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"இனிமே உன் கையில அடிக்காது. ஆனா பாதி வழியில ரேடியோ கரகரன்னு போயிடும். அப்புறம் நான் பாடுவேன், கேட்டுத்தான் ஆகணும் லா."

"பாடுங்க. நான் தூங்கிடுவேன்."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார்.

ஏரியலை மாற்றச் சொல்லி, கையில் அடிக்கிறது என்று அவள் சொன்னது பொய். ஏறி உட்காரும்போது எப்போதாவது சட்டையை உரசும், அவ்வளவுதான். அவளுக்கு அந்தக் கம்பியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

வீடு இருக்கும் செனாயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் யோங் பெங் ஊர் வரை போவார்கள். மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். அந்தப் பெரிய மோட்டாரின் முன்கண்ணாடி காற்றை எல்லாம் விழுங்கிவிடும். அவருடைய முதுகு வேகம் காட்டும் மீட்டரை மறைத்துவிடும். ஆனால் ஏரியல், தலையைத் திருப்பாமலே கடைக்கண்ணில் தெரியும்.

நிதானமாகப் போனால் அதன் நுனி லேசாக நடுங்கும். வேகம் ஏற ஏறப் பின்பக்கம் வளையும். நுனி கடைக்கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் அவள் அவர் தோளில் கையை வைத்து அழுத்துவாள். அவர் உடனே குறைப்பார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் வளையும். மறுபடியும் கை.

இப்படி இரண்டு வருடம். வழியில் செம்பனைத் தோட்டங்களைப் பார்த்ததில்லை, வானத்தைப் பார்த்ததில்லை. ஆறு நாள் பேக்டரியில் கால்களுக்கு வேலை. ஏழாம் நாள் கண்ணுக்கு.

வரவில்லை என்று சொல்லலாம்தான். சொல்லிவிட்டு வீட்டில் எப்படிப் படுப்பது? கை வைக்க ஆளில்லாவிட்டால் இந்த மனுஷன் எங்கே போய் மோதுவாரோ என்று படுக்கையில் புரள்வதைவிட, பின்னால் உட்கார்ந்து சாவதே மேல் என்று தோன்றும்.

ஏரியல் வளையாவிட்டால் வேகம் தெரியாது. தெரியாவிட்டால் அவள் பொறுப்பும் இல்லை. அது நியாயமில்லை என்று அவளுக்கும் தெரியும். நியாயம் பார்க்கவும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

அன்று கிளம்பி, கூலாய் ஊரைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். இருக்கையின் அடியில் என்ஜினின் உறுமல் ஏறியது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. உறுமல் கொஞ்சம் தணிந்தது, பிறகு முன்னிலும் அதிகமாக ஏறியது. பக்கத்தில் ஒரு லாரி ஹாரனை நீளமாக அடித்தது. கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டு விரல்களை இறுக்கி மடக்கினாள்.

என்ன வேண்டுமானாலும் ஆகட்டும்.

மூன்றாவது முறை ஏறியபோதும் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு உறுமல் மளமளவென்று இறங்கியது. மோட்டார் ஓரம் கட்டி நின்றது.

கண்ணைத் திறந்தாள். சிம்பாங் ரெங்கம் ஊர் இன்னும் வரவில்லை. இருபக்கமும் செம்பனை. ரேடியோவில் வெறும் இரைச்சல்.

ஜெயபாலன் அதை அணைத்தார். ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன மதி, இன்னைக்குக் கை வைக்கவே இல்ல?"

"பார்க்கலங்க. கண்ண மூடிட்டேன்."

"மூணு தடவ வேகமா முறுக்கிப் பார்த்தேன்."

அவர் குரல் சின்னதாக இருந்தது. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. சாப்பாடு கேட்டுக் கிடைக்காதவன் குரல்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

சின்ன மகள் கல்யாணமாகிப் போனதும், அவருடைய குறட்டைக்கு ஒதுங்கி மகளின் அறைக்குப் போனவள் அவள். ஒரு வாரம் என்றுதான் போனாள். திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, அலுப்புதான். இந்த மோட்டாரை அவர் வாங்கியது அதற்கடுத்த மாதம்.

ஒவ்வொரு ஞாயிறும் பயந்து பயந்து அழுத்திய தோள் அவள் முன்னால் இருந்தது. கொஞ்சம் கூனல் விழுந்த தோள். கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டுக்கும் போதுமான பலம் அவளிடம் இல்லை.

"இத வீட்டுல சொல்ல வேண்டியதுதானேங்க?"

அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அவருடைய இரண்டு கைகளும் பிடியில்தான் இருந்தன. ஆனால் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார்.