நூறாவது முக்கோணம்

கரும்பலகையில் தீக்குச்சி முக்கோணங்களை ஒட்டி ஒட்டி வரைந்தேன். ஒரு முக்கோணத்துக்கு மூன்று குச்சி. இரண்டுக்கு ஐந்து. மூன்றுக்கு ஏழு.

“அப்ப நூறு முக்கோணத்துக்கு எம்புட்டுக் குச்சி?”

ஆறாம் வகுப்பு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தது.

கடைசி பெஞ்சில் தாளாளர் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். விளாங்குடியில் மூன்று மாடி கட்டிவிட்டால் கணக்கு தானாக வந்துவிடும் என்று நினைக்கிற ஆள். டெமோ வகுப்பைப் பார்த்து என்னை இவர்தான் எடைபோட வேண்டுமாம்.

சகித்துக்கொண்டேன். என் பிள்ளைகளை வளர்த்ததில் எட்டு வருஷம் போய்விட்டது. இந்த வயதில் வேறு எந்தப் பள்ளிக்கூடமும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

காவ்யஸ்ரீ என்ற பிள்ளை எழுந்தது. “நூத்திரெண்டு மிஸ். ரெண்டு ரெண்டாத்தான கூடுது? அப்ப நூறோட ரெண்டு.”

எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்புதான். நான் தப்பு என்று சொல்லவில்லை.

“ஒண்ணுக்குப் போட்டா மூணு, சரியா வருது. ரெண்டுக்குப் போட்டுப் பாரு தாயி.”

நான்கு வந்தது. படத்தில் ஐந்து. பிள்ளை விழித்தது.

“விதிய போர்டுல எழுதிப் போட்டா பாத்து எழுதிட்டுப் போகுதுக. எதுக்கு இம்புட்டு இழுவை?” தாளாளர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “பயிற்சிய முடிச்சு, வீட்டுக்கணக்கும் குடுத்துருங்க.”

டெமோ வகுப்பில் வீட்டுக்கணக்கு! அதை யார் திருத்துவது? இதுகூடத் தெரியாதவரெல்லாம் தாளாளர். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, வீட்டுக்கணக்கும் கொடுத்தேன்.

அதற்குள் காவ்யஸ்ரீ துள்ளியது. “மிஸ், மொதக் குச்சி ஒண்ணு தனியா நிக்குது. அப்பறம் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு. எரநூத்தியொண்ணு!”

அந்த முகத்தைப் பார்த்ததும் வேலை கிடைத்துவிட்டது என்றே தோன்றியது.

மணி அடித்தது. “போன் பண்றோம்” என்றார் தாளாளர்.

படியில் இறங்கும்போது காவ்யஸ்ரீ புத்தகத்தோடு ஓடி வந்தது.

“மிஸ், எத்தனாவது கணக்கு வரைக்கும் முடிச்சோம்? டிக் அடிச்சுக் குடுங்க.”

“ஒங்க கணக்கு மிஸ்கிட்டக் காமி. அவங்களுக்கே தெரியும்.”

“எங்களுக்கு ஜூன்லேருந்தே டெமோ மிஸ்ஸுங்கதான். நாளைக்கு வாரவங்ககிட்ட எங்கன விட்டோம்னு நாந்தான சொல்லணும்?”